நீதிக்கு வாதாடிய கிளாரன்ஸ் டாரோ

சட்டம் ஏட்டில் எழுதப்படுவது. நீதியோ அதனை வழங்குவோர் நெஞ்சில் விளைவது. ஏட்டில் உள்ள சட்டம் எல்லார்க்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும், அதனை வழங்கும் மாந்தர் உள்ளத்தில் வேற்றுமை குடிகொண்டிருக்குமாயின், நேர்மையான சட்டத்திலிருந்தும் நேர்மையற்ற தீர்ப்பே பிறக்கும். துலாக்கோல் செம்மையானதாக இருந்தாலும், அதனைப் பிடித்த கை ஒருபுறம் சாய்ந்தால் நிறை பிழைபடும் அன்றோ? அக்கை சாயாமல் காப்பது எவ்வாறு என்னும் வினாவைப் பல்லாண்டுகள் எண்ணிப் பார்த்து, அதனை வழக்குமன்றத்திலேயே துணிந்து எழுப்பியவர் அமெரிக்க வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ ஆவார்.

இளமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றான ஒகையோ மாநிலத்தில், கின்ஸ்மன் என்னும் சிற்றூரை அடுத்து, 1857-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் டாரோ பிறந்தார். அவருடைய தந்தையார் அமிரஸ் மரச்சாமான்கள் செய்து விற்று வாழ்ந்தவர். இறந்தோர்க்குச் சவப்பெட்டி செய்வதும் அவர் தொழிலே. செல்வம் குறைந்த அவ்வீட்டில் நூல்களுக்குக் குறைவில்லை. ஊரார் கருத்து எதுவாயினும் தம் அறிவுக்குச் சரியெனத் தோன்றியதையே தந்தையார் பேசினார். அடிமை முறை ஒழிய வேண்டும் என்பதில் அவர் உறுதி பூண்டிருந்தார். பலர் செல்லும் வழி என்பதற்காக ஒரு வழியை நல்வழி என்று கொள்ளாத இயல்பு மைந்தர்க்கும் வாய்த்தது.

டாரோ சிறுவராக இருந்தபோது நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1861 முதல் 1865 வரை நடந்த அப்போரின் முடிவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1868-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், சட்டத்தின் காப்பு எவர்க்கும் நிகராகக் கிடைக்க வேண்டும் என்பதை அரசியலமைப்பில் சேர்த்தது. டாரோ பள்ளிக்குச் சென்ற காலத்திலேயே ஏட்டுச் சட்டம் சமநிலையை ஏற்றுவிட்டது. ஆனால், நாட்டு வழக்கம் அதனை ஏற்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த பிளவே பிற்காலத்தில் அவர் சிந்தனைக்குப் பொருளாயிற்று.

சிலகாலம் கல்லூரியிலும், சிலகாலம் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியராகவும் கழித்த டாரோ, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு சட்டம் பயின்றார். பின்னர் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருந்து பயின்று, 1878-ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் வயதில் வழக்கறிஞரானார்.

தொழிலில் நேர்ந்த திருப்பம்

ஒகையோவின் சிறு நகரங்களில் நிலம், கடன், மாடு, வேலி பற்றிய வழக்குகளே டாரோவுக்குக் கிடைத்தன. அந்நாளில் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு என்பவர் தண்டனை முறையைப் பற்றி எழுதிய நூல் ஒன்று அவர் கைக்கு எட்டியது. குற்றவாளிகள் பெரும்பாலும் வறுமையாலும் சூழ்நிலையாலும் உருவாகின்றனர் என்பதும், சிறைகள் அவர்களைத் திருத்துவதற்கு மாறாகக் கெடுக்கின்றன என்பதும் அந்நூலின் கருத்துகள். அவை டாரோவின் நெஞ்சில் ஆழப் பதிந்தன. 1887-ஆம் ஆண்டில் அவர் சிகாகோ மாநகருக்குக் குடியேறி, ஆல்ட்கெல்டின் நண்பரானார்.

சிகாகோவில் டாரோவின் வாழ்வு விரைந்து உயர்ந்தது. நகராட்சியின் வழக்கறிஞராகவும், பின்னர்ப் பெரியதொரு இரயில்வே நிறுவனத்தின் வழக்கறிஞராகவும் அவர் பணியாற்றினார். 1894-ஆம் ஆண்டில் இரயில் பெட்டிகள் செய்யும் புல்மன் நிறுவனம் தொழிலாளரின் கூலியைக் குறைத்தது; அவர்கள் குடியிருந்த நிறுவன வீடுகளின் வாடகையையோ குறைக்கவில்லை. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணைநின்ற இரயில்வே தொழிற்சங்கத் தலைவர் யூஜீன் டெப்ஸ் மீது அரசு வழக்குத் தொடுத்தது. டாரோ தம் இரயில்வே பதவியைத் துறந்து டெப்ஸுக்காக வாதாட முன்வந்தார். டெப்ஸ் ஆறு திங்கள் சிறை செல்ல நேர்ந்தது. வழக்கில் தோற்றாலும் டாரோ தம் வழியைக் கண்டுகொண்டார். வலியவர்க்கு வாதாட ஆயிரவர் உண்டு. எளியவர்க்கு வாதாட ஒருவராவது வேண்டும் என்பது அவர் கொண்ட துணிபு.

அதன்பின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்காகவும், தொழிற்சங்கத் தலைவர்களுக்காகவும், தூக்குத் தண்டனையை எதிர்நோக்கியோர்க்காகவும் அவர் வாதாடினார். இடையில் ஒரு பேரிடரும் நேர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1911-ஆம் ஆண்டு நடந்த வழக்கு ஒன்றில் ஜூரிகளுக்குக் கையூட்டுக் கொடுக்க முயன்றதாக டாரோ மீதே குற்றம் சாட்டப்பட்டது. முதல் விசாரணையில் அவர் விடுதலை பெற்றார். இரண்டாம் விசாரணையில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வழக்கு ஒருவாறு முடிந்தது. எனினும் அவர் புகழும் பொருளும் குன்றின. பிறர்க்காகக் கூண்டின் அருகில் நின்று பழகியவர், தாமே கூண்டில் நின்ற துன்பத்தையும் அறிந்தார்.

நிறவேற்றுமை பற்றிய எண்ணங்கள்

அக்கால அமெரிக்காவில் கறுப்பின மக்களின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. தென்மாநிலங்களில் பள்ளி, இரயில் வண்டி, உணவுவிடுதி ஆகிய யாவும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. இத்தகைய பிரிவு சட்டத்துக்கு மாறானதன்று என 1896-ஆம் ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தாரை, விசாரணைக்கு முன்னரே கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையும் பல இடங்களில் நிகழ்ந்தது.

டாரோ இந்நிலையைப் பற்றிப் பலகாலும் எண்ணினார், பேசினார், எழுதினார். நிறவெறுப்பு எவருடனும் உடன்பிறப்பதில்லை என்பது அவர் கருத்து. வீட்டிலும் தெருவிலும் பெரியோர் வாயிலாகக் கேட்டுக் கேட்டு, குழந்தை தன் தாய்மொழியைக் கற்பது போலவே வெறுப்பையும் கற்கிறது. அவ்வாறு கற்றதனை மனிதன் தன் சொந்த அறிவென்றே நம்பிவிடுகிறான். எனவே, ஓரவஞ்சனை கொடியவர் சிலரிடம் மட்டும் உள்ள நோயன்று. நல்லவர் எனப்படுவோரிடமும் அவர் அறியாமலே அது தங்கியிருக்கும். நீதிமன்றத்தில் அமர்பவரும் இதற்கு விலக்கல்லர் என்பதை டாரோ நன்கு உணர்ந்திருந்தார். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காக 1909-ஆம் ஆண்டில் தோன்றிய தேசியச் சங்கத்துக்கும் அவர் ஆதரவு தந்தார். இவ்வெண்ணங்கள் யாவும் ஒருங்கே சோதிக்கப்படும் காலம் அவருடைய அறுபத்தெட்டாம் வயதில் வந்தது.

ஒரு மருத்துவரின் வீடு

மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட், மோட்டார் வண்டித் தொழிலால் பெருகிய நகரம். வேலை நாடித் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் அங்குக் குடியேறினர். 1910-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5,700 ஆக இருந்த அவர்கள் தொகை, 1920-ஆம் ஆண்டில் 40,000-ஐக் கடந்தது. ஆனால், அவர்கள் வாழ்வதற்கு விடப்பட்ட பகுதி மிகச் சிறியது. வேறு பகுதிகளில் வீடு வாங்கியவர்களைக் கும்பல் கூடி விரட்டும் நிகழ்ச்சிகள் நடந்தன. வெள்ளையர் மேலாண்மையை வற்புறுத்திய கூ கிளக்ஸ் கிளான் என்னும் கூட்டமும் அந்நகரில் செல்வாக்குப் பெற்றிருந்தது.

ஒஸ்ஸியன் ஸ்வீட் என்னும் கறுப்பின மருத்துவர் அந்நகரில் தொழில் நடத்தி வந்தார். புளோரிடா மாநிலத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, உழைத்துப் பொருளீட்டிக் கல்வி கற்று, ஹவர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர் அவர். வியன்னா, பாரிஸ் ஆகிய நகரங்களுக்கும் சென்று மேற்பயிற்சி பெற்றார். தம் மனைவி கிளாடிஸும் கைக்குழந்தையும் அமைதியாக வாழ்வதற்காக, 1925-ஆம் ஆண்டில் கார்லண்டு தெருவில் 18,500 டாலர் விலைபேசி ஒரு வீட்டை வாங்கினார். அது வெள்ளையர் வாழும் தெரு. அவர் வருகையைத் தடுக்க அப்பகுதியார் ஒரு சங்கமும் அமைத்தனர்.

செப்டம்பர் 8-ஆம் நாள் ஸ்வீட் குடும்பத்தார் புதுமனை புகுந்தனர். குழந்தையை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, தம் உடன்பிறந்தாரையும் நண்பர்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டனர். தற்காப்புக்காகத் துப்பாக்கிகளையும் கொண்டு சென்றனர். அன்றிரவே வீட்டின் முன் கூட்டம் கூடியது. மறுநாள் இரவு அக்கூட்டம் பெருகிற்று. காவலர் அங்கு நின்றிருந்தும் கூட்டத்தைக் கலைக்கவில்லை. வீட்டின்மீது கற்கள் விழுந்தன. சன்னற் கண்ணாடிகள் உடைந்தன. அப்போது வீட்டின் உள்ளிருந்து குண்டுகள் பாய்ந்தன. தெருவில் நின்ற வெள்ளையர் ஒருவர் இறந்தார், மற்றொருவர் காயமுற்றார். வீட்டினுள் இருந்த கிளாடிஸ் உள்ளிட்ட பதினொருவரும் கைதாகி, கொலைக்குற்றம் சாட்டப்பட்டனர்.

முதல் விசாரணை

இவ்வழக்கை எடுத்து நடத்துமாறு தேசியச் சங்கத்தார் டாரோவை வேண்டினர். முதுமையின் தளர்ச்சியைப் பொருட்படுத்தாது அவர் இசைந்தார். ஆர்தர் கார்பீல்டு ஹேஸ் என்னும் வழக்கறிஞர் அவருக்குத் துணைநின்றார். நீதிபதியாக அமர்ந்தவர் பிராங்க் மர்பி. அவர் வயதில் இளையவராயினும் நடுவுநிலையில் உறுதியானவர். வழக்கைக் கேட்டு முடிவு கூறும் ஜூரிகள் பன்னிருவரும் வெள்ளையர்.

வழக்கின் உயிர்நிலை ஒரு வினாவில் அடங்கியிருந்தது. அன்றிரவு வீட்டின் முன் கூட்டம் இருந்ததா, இல்லையா? கூட்டம் இருந்தது என்றால், உள்ளிருந்தோர் தற்காப்புக்காகச் சுட்டனர் எனலாம். இல்லை என்றால், அது கொலையே ஆகும். தெருவில் சிலரே நின்றனர் எனக் காவலரும் அயலாரும் ஒருவர்பின் ஒருவராகச் சாட்சி கூறினர். டாரோ பொறுமையுடன் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்தார். சாட்சி கூறவந்த சிறுவன் ஒருவன், முதலில் பெருங்கூட்டம் என்று வாய்தவறிச் சொல்லி, உடனே சிலர் என்று மாற்றிக்கொண்டான். மாற்றியது ஏன் என்று டாரோ துருவி வினவியபோது, அவ்வாறு கூறுமாறு தனக்குச் சொல்லித்தரப்பட்ட செய்தி வெளிப்பட்டது. மறைத்துவைத்த உண்மை ஒரு சிறுவன் நாவில் தானே வெளிவந்தது.

தற்காப்புப் பற்றிய சட்டத்தில் நுட்பமான கூறு ஒன்று உண்டு. அச்சத்துக்கு உரிய ஆபத்து உண்மையில் எவ்வளவு என்று மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில்லை. ஆபத்து வந்துவிட்டது என அம்மனிதர் நம்புவதற்குத் தக்க காரணம் இருந்ததா என்பதையும் பார்க்கிறது. ஆதலால், ஸ்வீட்டின் மனத்தில் அன்றிரவு என்ன இருந்தது என்பதைக் காட்டவேண்டியிருந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய ஸ்வீட், தம் இனத்தார்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் பலவற்றை எடுத்துரைத்தார். தாம் மாணவராக இருந்த காலத்தில், 1919-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் நிகழ்ந்த இனக்கலகத்தையும் அவர் நினைவுகூர்ந்தார். அரசு வழக்கறிஞர் இதனை மறுத்தார். நீதிபதி மர்பி ஏற்றார். ஓர் இனத்தின் துன்ப வரலாறு முழுதும் அன்று வழக்குமன்றம் ஏறியது. ஜூரிகள் ஏறத்தாழ 46 மணி நேரம் ஆராய்ந்தும் ஒருமித்த முடிவு காணவில்லை. 1925-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் விசாரணை முடிவின்றிக் கலைந்தது.

ஏழு மணி நேர உரை

அடுத்த ஆண்டு, மருத்துவரின் தம்பியான ஹென்றி ஸ்வீட் மட்டும் முதலில் தனியே விசாரிக்கப்பட்டார். துப்பாக்கியால் சுட்டதை அவர் முன்னரே ஒப்புக்கொண்டிருந்தமையால் அவர் நிலை மிகவும் இக்கட்டானதாக இருந்தது. இம்முறையும் ஜூரிகள் பன்னிருவரும் வெள்ளையரே.

1926-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் டாரோ இறுதி வாதம் நிகழ்த்த எழுந்தார். ஏறத்தாழ ஏழு மணி நேரம் அவர் பேசினார். வழக்கறிஞர் பெரும்பாலும் ஜூரிகளைப் புகழ்ந்து தம் வயமாக்க முயல்வர். டாரோவோ அவர்கள் நெஞ்சிலும் நிறவேற்றுமை உண்டு என்பதை நேர்முகமாகவே எடுத்துக்கூறினார். அதற்காக அவர்களை இகழவில்லை. எல்லாரையும் போலவே அவர்களும் அதனைச் சிறுவயதில் பெற்றுள்ளனர் என்று விளக்கி, அதனை அறிந்து அடக்குமாறு வேண்டினார். தன்னிடம் உள்ள குறையை அறிந்தவனே அதனை விலக்கி நிற்க முடியும். தன்னிடம் குறையே இல்லை என்று எண்ணுபவன் அதற்கு அடிமையாகவே இருப்பான். இதுவே அவர் வாதத்தின் அடிப்படை.

பின்னர், நிறத்தை மாற்றி எண்ணிப் பார்க்குமாறு அவர் ஜூரிகளைக் கேட்டுக்கொண்டார். வீட்டினுள் இருந்தோர் வெள்ளையராகவும், வெளியே கூடியோர் கறுப்பினத்தாராகவும் இருந்திருந்தால், உள்ளிருந்தோர் மீது வழக்கே எழுந்திராது என்பதை எடுத்துக்காட்டினார். நிறம் மாறினால் தீர்ப்பும் மாறும் என்றால், அங்கு விசாரிக்கப்படுவது செயலன்று, நிறமே. சொந்த வீட்டைக் காக்கும் உரிமை, வீடுடையார் யாவர்க்கும் பொதுவானது. ஒருவர்க்கு அதனை மறுத்தால், மற்றவர்க்கும் அது நிலையான உரிமையாக இராது.

மே 13-ஆம் நாள் ஜூரிகள் நான்கு மணி நேரத்துக்குள் முடிவு கண்டு திரும்பினர். ஹென்றி குற்றவாளி அல்லர் என்பதே அம்முடிவு. மற்றவர்கள் மீதிருந்த வழக்கையும் அரசு 1927-ஆம் ஆண்டில் கைவிட்டது.

வெற்றியும் அதன் எல்லையும்

இத்தீர்ப்பால் எல்லாம் நிறைவுற்றதென டாரோ எண்ணவில்லை. ஒரு வழக்கு வெல்லப்பட்டதே அன்றி, வெறுப்பு வெல்லப்படவில்லை. கறுப்பினத்தார்க்கு வீடு விற்கலாகாது என வீட்டுப் பத்திரங்களில் நிபந்தனை எழுதும் வழக்கம் அந்நாளில் இருந்தது. இதனைத் தடுக்க இடமில்லை என அதே 1926 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்னும் தீர்ப்பு 1948-ஆம் ஆண்டில்தான் வந்தது. அத்தீர்ப்புக்கு உட்பட்ட வழக்குகளுள் ஒன்று டெட்ராய்ட் நகரிலிருந்தே எழுந்தது.

ஸ்வீட் குடும்பத்தார் அடைந்த துன்பமும் பெரிது. இரண்டு வயதான பெண் குழந்தை 1926-ஆம் ஆண்டிலும், கிளாடிஸ் 1928-ஆம் ஆண்டிலும் காசநோயால் இறந்தனர். யாருக்காக அவ்வீடு வாங்கப்பட்டதோ, அவர்கள் அதில் வாழ்ந்து மகிழ இயலவில்லை. நீதி வென்றாலும், அது வருமுன் எளியவர் கொடுக்கும் விலை எத்துணைப் பெரிது!

டாரோவின் வாழ்விலும் ஒரு முரண்பாடு உண்டு. 1929-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் அவர் தம் சேமிப்பை இழந்தார். 1932-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவில், அத்தீவின் பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் நால்வர்க்காக அவர் வாதாட ஒப்புக்கொண்டார். குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரைத் தாமே தண்டிக்கத் துணிந்த செயலைக் காக்க அவர் முன்வந்தது, அவரைப் போற்றியோர் பலரை வருந்தச் செய்தது. ஜூரிகள் நால்வரையும் குற்றவாளிகள் என்றனர். பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆனால், ஆளுநர் அத்தண்டனையை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். நிறம் மாறினால் நீதியும் மாறும் என டெட்ராய்ட் நகரில் டாரோ எடுத்துக்காட்டிய உண்மை, ஹவாயில் அவர் கட்சிக்காரர்க்கே நலமாய் முடிந்தது. பெரியோர் வாழ்வையும் துலாக்கோலில் இட்டே காணுதல் வேண்டும். அதுவே டாரோ கற்பித்த நடுவுநிலைக்கும் ஏற்றது.

இறுதி

அதே 1932-ஆம் ஆண்டில் டாரோ தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1938-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள், தம் எண்பதாம் வயதில், சிகாகோவில் மறைந்தார். அந்நகரின் ஜாக்சன் பூங்காவில் உள்ள நீர்நிலையில் அவருடைய சாம்பல் தூவப்பட்டது. அங்குள்ள பாலம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நீதிபதி மர்பி பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். போர்க்காலத்தில் ஜப்பானிய மரபினரை அவர்தம் வீடுகளிலிருந்து அகற்றிய ஆணையை 1944-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் ஏற்றபோது, அவர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். கார்லண்டு தெருவில் உள்ள ஸ்வீட்டின் வீடு 1985-ஆம் ஆண்டில் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஒரு காலத்தில் கல்லெறிபட்ட வீடு, பின்னர்க் காக்கப்படும் சின்னமாயிற்று.

நல்ல சட்டம் இயற்றுவது நாட்டின் கடமை. அச்சட்டம் நீதியாகப் பயன்தருமாறு செய்வது மக்கள் ஒவ்வொருவரின் கடமை. பிறரைப் பற்றி ஒரு முடிவுக்கு வருமுன், அவர் பிறப்பும் நிறமும் வேறாக இருந்தால் இம்முடிவையே கொள்வோமா என்று தம்மையே வினவிக்கொள்பவர், நீதிமன்றம் ஏறாமலே நீதி வழங்கும் தகுதி பெறுகின்றனர். பன்னிரு ஜூரிகள் முன் டாரோ எழுப்பிய அவ்வினா, காலமும் நாடும் கடந்து எல்லார் நெஞ்சிலும் எழுதற்கு உரியது.